லண்டனில் மிஸ் ஜோலார்பேட்டை

சனிக்கிழமை, காலை 7.25

விமானம் ஹீத்ரோவில் தரை தொட்டபோது என் கையில் எட்டு மணி முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. மாலை நான்கு மணிக்கு விம்பிள்டனில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் என் தங்கை கவிதா மேடை ஏறி, இருபது நிமிடம் தமிழில் நகைச்சுவை பேசப்போகிறாள். அவளுக்கு அதுதான் முதல் மேடை. நான் வருவது அவளுக்குத் தெரியாது.

கவிதா லண்டனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. குரோய்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவள்தான் ஊருக்கு வருவாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை கூட இங்கே எட்டிப் பார்த்ததில்லை. சில மாதங்களுக்கு முன் போனில் பேசும்போது, "நம்ம வீட்லேர்ந்து ஒருத்தராச்சும் நான் இருக்கற எடத்த வந்து பாத்தீங்களாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

நான் ஜோலார்பேட்டையில் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் செல்வி, வயது நாற்பத்தாறு. தனியாகப் போன அதிகபட்ச தூரம் சென்னை, இருநூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர். கவிதாவோடு வேலை செய்யும் ராஜி அக்காதான் இந்த நிகழ்ச்சியைப் பற்றி ரகசியமாகச் சொன்னவர். யாழ்ப்பாணத்துக்காரர். தங்க இடமும் தன் வீட்டிலேயே தருவதாகச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பினார். எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. மண்டபத்தில் எண்பது நாற்காலிதான். அனுமதி இலவசம், ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும். என் விசா கைக்கு வருவதற்குள் அறுபது இடம் போய்விட்டது. மிச்சம் இருபது, நிகழ்ச்சி அன்று காலை பத்து மணிக்குத் திறப்பார்களாம். பட்டியலில் பெயர் இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அந்த நேரத்தில் ராஜி அக்கா ஷிப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். அவர் கணவர் யோகன் அண்ணா பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆகவே பத்து மணிக்கு நான் எங்கே இருந்தாலும் நானே பதிவு செய்தாகவேண்டும்.

காலை 9.40

குடியேற்ற வரிசையில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்றேன். அதிகாரி என் பையைப் பார்த்து என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு கிலோ மக்கன் பேடா என்றேன். எங்கள் பக்கத்து இனிப்பு அது, என்னவென்று அவருக்கு விளக்கியிருந்தால் பத்து மணி அங்கேயே ஆகியிருக்கும். நல்லவேளை, அவர் மேலே கேட்கவில்லை.

பிக்கடிலி ரயிலில் ஏறினேன். கட்டணம் ஐந்து பவுண்டு எண்பது பென்ஸ், கார்டைத் தட்டினால் கதவு திறக்கிறது. முதல் இரண்டு மூன்று நிறுத்தம் நிலத்துக்கு அடியில் ஓடிய ரயில் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. ஓட்டு வீடுகள், கொல்லைப்புறத்தில் காயும் துணிகள், ஒரு பெரிய மைதானம். பெட்டியில் எனக்கு எதிரே தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், மடியில் கீரைக்கட்டு வைத்திருந்தார். எனக்குப் பார்க்க நேரமில்லை. பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது போனில் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன்.

முழுக்க முழுக்க ஹிந்தி.

முந்தின நாள் தோஹாவில் விமானம் மாறியபோது இதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விமான நிலையத்து வைஃபையில் அது அரபியில் வந்தது. வலமிருந்து இடமாக எழுத்துகள் ஓடியதை ரசித்துவிட்டு, லண்டன் போனால் இங்கிலீஷுக்கு வந்துவிடும் என்று மூடிவைத்தேன். என் போன் இங்கிலீஷில்தான் இருக்கிறது. நான் இருப்பது இங்கிலாந்தில். ஆனால் போனுக்குள் இருப்பது ஊர் சிம். இணையம் அதன் வழியாக இந்தியாவுக்குப் போய்த் திரும்புகிறது. இந்தியாவா, அப்படியென்றால் ஹிந்தி என்று அந்தப் பக்கம் தானாக முடிவெடுத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூலையில் மொழி மாற்றும் இடம் ஒன்று இருந்தது. அதில் இங்கிலீஷைத் தொட்டேன். பக்கம் ஒருமுறை வெளுத்து, மறுபடி ஹிந்தியிலேயே வந்து நின்றது. இன்னொரு முறை தொட்டேன். அதே கதை. வேலை காரணமாக ஹிந்தியில் நாற்பது ஐம்பது ஊர்ப்பெயர்களின் உருவம் எனக்குத் தெரியும். நாக்பூர், கான்பூர், போபால் என்று உறையில் பார்த்தால் கை தானாக அந்தந்தப் பெட்டிக்குப் போகும். ஆனால் இந்தப் பக்கத்தில் நாக்பூரும் இல்லை, கான்பூரும் இல்லை.

எதிரே இருந்தவரிடம் போனை நீட்டி, "ஹிந்தி? ப்ளீஸ் ரீட்?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் பிறந்ததே ஹவுன்ஸ்லோவிலாம். அம்மாவிடம் பஞ்சாபி பேசுவாராம், படிப்பது எழுதுவது எல்லாம் இங்கிலீஷ்தானாம். "நீங்கள் இந்தியாவிலிருந்து வருகிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, நான் தமிழ் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி சிரித்தோம். வலைத்தளம் என் சிம்மைப் பார்த்து முடிவு செய்தது. நான் அவர் தலைப்பாகையைப் பார்த்து முடிவு செய்தேன். அவர் என் புடவையைப் பார்த்து. இதில் யார் யாரைத் திட்டுவது?

மணி பத்து ஒன்று. மேலே சிவப்பில் ஓர் எண், பதினேழு என்று காட்டியது. அது பதினாறானது. மிச்ச இடங்கள் என்று புரிந்துவிட்டது.

இனி யோசிக்க நேரமில்லை. ஆறு கட்டங்கள் இருந்தன. முதலில் ஒரு சின்னப் பட்டியல், தொட்டால் மூன்று சொல் விழுந்தது. மூன்றாவதைத் தொட்டேன். அடுத்து இரண்டு கட்டம். பிறகு ஒன்றில் எதைப் போட்டாலும் சிவந்தது, மின்னஞ்சல் முகவரியைப் போட்டதும் அடங்கியது. இன்னொன்று எண்ணை மட்டும் வாங்கியது, அது போன். கடைசியில் ஒன்று. ஆக மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று கட்டங்கள்தான் புதிர். இந்த இடத்தில்தான் என் இருபத்திரண்டு வருட உத்தியோகம் என்னைக் கவிழ்த்தது. தபால் பிரிக்கிறவர்கள் முகவரியைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்போம். முதலில் பின்கோடு, பிறகு ஊர், மாவட்டம். ஆளின் பெயர் எங்களுக்கு வேண்டியதே இல்லை, அது தபால்காரர் பாடு. கை பழக்கத்தில் முதல் கட்டத்தில் பின்கோடைப் போட்டேன். எண் வேண்டாம் என்றது. சரி, ஊர் கேட்கிறது போல என்று 'ஜோலார்பேட்டை' என்று போட்டேன். வாங்கிக்கொண்டது. அடுத்ததில் மாவட்டம், 'திருப்பத்தூர்'. அதையும் வாங்கிக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் 'செல்வி'.

பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சை டிக் விழுந்தது. மேலே எண் ஒன்பதிலிருந்து எட்டானது. நான் "ஹா!" என்று கத்தியிருக்கவேண்டும், பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தலைப்பாகைக்காரர் கைதட்டினார். என்ன பதிவு செய்தேன் என்று கேட்டார். என் தங்கையின் முதல் மேடை என்றேன். இறங்கும்போது கீரைக்கட்டில் பாதியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அதன்பின் மின்னஞ்சல் வந்தது. அதுவும் ஹிந்தி. நடுவில் இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மிஸ் ஜோலார்பேட்டை திருப்பத்தூர்'; பட்டியலில் நான் தொட்ட மூன்றாவது சொல் 'மிஸ்' போலிருக்கிறது. ஊர் இருக்கவேண்டிய இடத்தில் 'செல்வி'. திருத்தப் போனால் எண் பூஜ்யமாகிவிட்டிருந்தது. ரத்து செய்தால் இடமே போய்விடும். அப்படியே விட்டுவிட்டேன்.

பகல் 12.15

இரண்டு இடத்தில் ரயில் மாறி, கடைசியாக விக்டோரியாவிலிருந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினேன். யோகன் அண்ணா பஸ் சீருடையிலேயே நிலைய வாசலில் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த மீசை. பார்த்த உடனே, "வாங்கோ தங்கச்சி, பயணம் எப்பிடி? இடம் கிடைச்சுதோ?" என்றார்.

கிடைத்த விதத்தைச் சொன்னேன். மனிதர் நடைபாதையில் நின்று இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிச் சிரித்தார்.

"இது உங்களுக்கு மட்டும் இல்லை. நான் தம்பியைப் பாக்க சுவிஸுக்குப் போறனான். சூரிச்சில திறந்தால் ஜெர்மன், ஜெனீவாவில திறந்தால் பிரெஞ்சு. கொழும்பில இறங்கினால் சிங்களம். நான் பிறந்ததில இருந்து தமிழ்தான் கதைக்கிறன். ஒரு வெப்சைட் எண்டாலும் என்னைத் தமிழன் எண்டு கண்டுபிடிக்கேல்லை."

"வாசல்ல விடுவாங்களாண்ணா?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. போய்ப் பாப்பம். விடாட்டி நான் கதைக்கிறன்."

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு காய்கறிக் கடை. வாசலில் முருங்கைக்காய், வல்லாரை, சின்ன வெங்காயம் எல்லாம் கூடை கூடையாக. அண்ணா பால் வாங்க உள்ளே போக, நான் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். கல்லாவில் இருந்த அம்மா, "அது ஒண்டேகால் பவுண்ட்ஸ், பிள்ளை" என்றார். தரையிறங்கியதிலிருந்து என்னைக் கேட்காமலே சரியான மொழியில் பேசிய முதல் ஆள்!

"தமிழ்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஒரு இலையைக் கிள்ளி மணந்து பாத்தீங்கள். மலையாளியோ எண்டும் யோசிச்சன். பிறகு விலையைப் பாத்துப்போட்டு 'யம்மாடி' எண்டீங்கள்."

நான் வாய்விட்டுச் சொன்னது எனக்கே தெரியாது. ஒரு கட்டு வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றேகால் பவுண்டு பெரிதாகத் தெரியவில்லை. ஊர் விலையில் பெருக்கிப் பார்த்தது வீட்டுக்குப் போன பிறகுதான்.

மாலை 3.25

குளித்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பஞ்சாபிக்காரர் கீரையும் சாப்பிட்டு, மேற்கு குரோய்டன் வரை பஸ், அங்கிருந்து டிராம். இரண்டுக்கும் சேர்த்தே ஒன்றேமுக்கால் பவுண்டுதான். ஒரு மணி நேரத்துக்குள் மாறினால் இரண்டாவதற்குக் காசு பிடிப்பதில்லை. டிராம் முதலில் தெருவோடு தெருவாகப் போகிறது, பிறகு மரங்களுக்கு நடுவே ஓடுகிறது. நல்ல வெயில். அண்ணா வழி முழுக்க இடம் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டு வாசலில் திரும்புவதா என்று அதே நினைப்பு.

மண்டப வாசலில் ஒரு மேசை. கோட்டு போட்ட, எழுபது வயதுக்காரர் ஒருவர் அச்சடித்த பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"பேர் சொல்லுங்கோ."

"செல்வி."

விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். "செல்வி எண்டு ஒருத்தரும் இல்லையே, பிள்ளை."

"ஜோலார்பேட்டைன்னு பாருங்க ஐயா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓம், இருக்கு. மிஸ் ஜோலார்பேட்டை திருப்பத்தூர். காலையில இருந்து இந்தப் பேரைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். யாரோ தெலுங்குக்காரப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சன். அது நீங்களோ?"

"அது எங்க ஊருங்க."

"ஊருக்கு டிக்கெட் குடுக்க ஏலாது, பிள்ளை. ஆளுக்குத்தான் குடுக்கலாம். எண்பது பேருக்கு மேல ஒருத்தர் கூடினாலும் கவுன்சில் மண்டபத்தைப் பூட்டிப்போடும்."

யோகன் அண்ணா முன்னே வந்து, இது மேடையில் பேசப்போகிற பிள்ளையின் சொந்த அக்கா, இந்தியாவிலிருந்து நேரே வருகிறார் என்றார். பெரியவர் அசையவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் தாங்களும் சொந்தக்காரர் என்று சொல்லி வந்தார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மூக்கைத் துடைக்கக் கைப்பையில் கைக்குட்டையைத் தேடும்போது பாஸ்போர்ட் கையில் பட்டது. எங்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கும். அதைத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் பட்டியலில் என் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைப் படித்தார். ஊர் ஜோலார்பேட்டை. மாவட்டம் திருப்பத்தூர். பக்கத்தைத் திருப்பினார், பெயர் செல்வி. பட்டியலில் ஊர் என்ற இடத்தில் செல்வி.

"ஓ… தலைகீழா நிரப்பிப்போட்டீங்கள்!" என்றார். பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். "மூண்டாவது வரிசை. தங்கச்சிக்குச் சொல்லமாட்டன், பயப்பிடாதையுங்கோ."

அண்ணாவுக்கு இடம் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொள்கிறேன், சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

மாலை 4.20

கவிதா இரண்டாவது ஆள். பச்சைச் சட்டை, ஜீன்ஸ். மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு முன்னால் ஒரு உயரமான ஆள் இருந்ததால் அவள் கண்ணில் நான் படவில்லை.

முதல் இரண்டு நகைச்சுவை சுமார்தான், உள்ளதைச் சொல்கிறேன். அங்கங்கே ஒரு இருமல், ஒரு சிரிப்பு. அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா தபால் பிரிக்கறவங்க. எங்க வீட்டு அலமாரில டப்பா எல்லாம் மாவட்ட வாரியா இருக்கும். துவரம் பருப்பு வேணும்னா சேலம் வரைக்கும் போகணும். எனக்கு மாப்பிள்ளை ஜாதகம் வந்துச்சி. எல்லாரும் நட்சத்திரம் கேட்டாங்க. எங்கக்கா பின்கோடு கேட்டா. பின்கோடு தப்பா இருந்துச்சின்னு அந்த மாப்பிள்ளைய ரிட்டர்ன் பண்ணிட்டா."

மண்டபம் வெடித்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதெல்லாம் உண்மையாகவே நடந்தது என்று அவரிடம் சொல்லவா முடியும்? நானும் சிரித்தேன். பெருமையில் நெஞ்சு நிறைந்திருந்தது.

கவிதா மைக்கை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இங்க வர்றவங்க பேரெல்லாம் எங்களுக்குக் குடுத்தாங்க. அதுல ஒரு பேரு, கேளுங்க. மிஸ் ஜோலார்பேட்டை திருப்பத்தூர். என் ஊருங்க அது! பதினொரு வருஷமா ஊர்லேர்ந்து ஒரு ஆள்கூட என்னப் பாக்க வரலன்னு பொலம்பிட்டே இருந்தேனா, ரோஷப்பட்டு ஊரே கெளம்பி வந்துடுச்சி போல. யார் பண்ண வேல இது? ஜோலார்பேட்டை, எங்க இருக்க? வந்திருந்தா கைதூக்கு!"

நான் எழுந்து நின்றேன். "மூணாவது வரிசையில இருக்கேன்டி."

மைக் அவள் மூச்சை மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது. எல்லாரும் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் காத்திருந்தார்கள். கவிதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நம்ப மாட்டேன். பின்கோடு சொல்லு."

"ஆறு மூணு அஞ்சு, எட்டு அஞ்சு ஒண்ணு."

அவ்வளவுதான். மேடையிலிருந்து குதித்து, வரிசைக்கு நடுவே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். எண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே பெஞ்சில் இருந்த யோகன் அண்ணா, உள்ளே என்னவோ ஆகிவிட்டது என்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாராம். எண்பத்தோராவது ஆளாக அவர் நின்றதை வாசல் பெரியவர் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துவிட்டார்.

மறு ஞாயிறு, காலை 6.30

எட்டு நாள் அவள் வீட்டில் இருந்தேன். அவள் சமையலறையைப் பார்த்தேன், அவள் போகும் பஸ், அவள் உட்காரும் பூங்கா பெஞ்ச், அவள் மருந்து எடுத்துக்கொடுக்கும் ஜன்னல் எல்லாம் பார்த்தேன். இனி போனில் 'வேலைக்குக் கெளம்பறேன்' என்று அவள் சொன்னால், எந்தக் கதவைப் பூட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். இதற்காகத்தான் வந்தேன். அவளுடைய டப்பாக்களில் ஒன்றிலும் பெயர் ஒட்டியிருக்கவில்லை. ஒருநாள் அவள் வேலைக்குப் போன நேரத்தில் மாவட்ட வாரியாக அடுக்கி வைத்தேன். வந்து பார்த்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் ஆச்சு என்றாள்.

விமான நிலையத்தில் அந்தப் பதிவுத் தளத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். ஹிந்தியில்தான். முதல் வரியில் என் ஊர்ப்பெயர் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்டிருப்பார்கள், ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது. ஐந்தையும் தொட்டேன். அவர்கள் மட்டும் அன்று இங்கிலீஷில் கேட்டிருந்தால் ஒழுங்காக 'செல்வி' என்று எழுதியிருப்பேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

இப்போது ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் முகவரி சரியில்லாத தபால் தினமும் வரும். பெயர் இருக்கும், தெரு இருக்காது. ஊர் ஒன்றிருக்க பின்கோடு வேறொன்றாக இருக்கும். ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்ப்போம், பக்கத்து மேசையைக் கேட்போம், பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். நேற்று அப்படி வந்த தபால்களுக்கு நடுவே ஒரு வெளிநாட்டு அட்டை இருந்தது. முன்பக்கம் சிவப்பு பஸ் படம். பின்பக்கம் முகவரி: மிஸ் ஜோலார்பேட்டை திருப்பத்தூர், செல்வி, 635851. பக்கத்து மேசை சரவணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது உங்களுக்குத்தானே?" என்று நீட்டினார்.

ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். கவிதாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தது.

"அடுத்த தடவை பக்கத்து ஊரு மிஸ் வாணியம்பாடியையும் கூட்டிட்டு வாக்கா."